வேலை மாறும் முன் கேட்கப்படும் கேள்விகள்

சம்பளப் பிரிவிலும் ஆள்சேர்ப்பிலும் நெடுங்காலம் வேலை பார்த்ததால், வேலை மாற நினைக்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் முதலில் என்னைத்தான் அழைக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் தனியார் நிறுவனங்களில் மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்காக எழுதியது இது. அரசு வேலைக்கு விதிகள் வேறு.

வேலை மாறும்போது பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு தேதியைக் கவனிக்காமல் அவசரப்பட்டவர்கள். அதனால்தான் கீழே தேதிகளைப் பற்றி இவ்வளவு பேச்சு.

ரெண்டு வருஷமா ஹைக் சரியா வரல. வேலை மாறிடலாமா?

மாறுவதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: ஹைக், அதாவது சம்பள உயர்வு, உங்களுக்கு மட்டும் வரவில்லையா, யாருக்குமே வரவில்லையா? யாருக்குமே வரவில்லை என்றால் அது நிறுவனத்தின் பண நிலைமை. நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் அது மாறாது, வெளியே தேடத் தொடங்கலாம். உங்களுக்கு மட்டும்தான் என்றால், காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். அந்தக் காரணம் அடுத்த நிறுவனத்துக்கும் உங்களோடு வரக்கூடும்.

சம்பளம் நன்றாகவே இருந்தும் மாற வேண்டிய நேரம் ஒன்று உண்டு. கடந்த ஒரு வருடத்தில் புதிதாகச் செய்யக் கற்றுக்கொண்டது என்ன என்று யோசித்து, சொல்ல ஒன்றும் இல்லை என்றால், அதை ஹைக் வராததைவிடப் பெரிய பிரச்சினையாக நான் பார்ப்பேன்.

மேனேஜர்கிட்ட சம்பளம் ஏத்திக் கேக்கறது எப்படி? தப்பா நினைச்சுப்பாங்களோ?

ஒழுங்காகக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பலர் கோட்டை விடுவது நேரத்தில்தான். அப்ரைசல் என்ற வருடாந்திர வேலை மதிப்பீட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அதற்குள் துறைக்கான தொகை முடிவாகி, யாருக்கு எவ்வளவு என்று பிரித்தும் முடித்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே தனியாக நேரம் கேட்டுப் பேசுங்கள்.

வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் மேனேஜரால் அவற்றை மேலிடத்தில் எடுத்துச் சொல்ல முடியாது. அவர் சொல்லக்கூடியதைக் கொடுங்கள்: இந்த வருடம் எடுத்துக்கொண்ட கூடுதல் பொறுப்பு, குறைத்த செலவு, காப்பாற்றிய வாடிக்கையாளர். ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். மறுத்தால், "அடுத்த முறை கிடைக்க நான் என்ன செய்து காட்ட வேண்டும், எப்போதுக்குள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் காத்திருக்கலாம். மழுப்பினால் அதுவே பதில்.

வருஷத்துக்கு ஒரு தடவை மாறினாதான் சம்பளம் ஏறும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. உள்ளேயே இருப்பவருக்குக் கிடைக்கும் ஆண்டு உயர்வைவிட வெளியே போகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதிகம். அதிலும் முதல் ஐந்தாறு வருடங்களில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

ஆனால் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு குறுகிய வேலை இருந்தால் காரணம் கேட்போம், பதில் சொன்னால் கடந்துவிடுவோம். தொடர்ந்து மூன்று வேலையிலும் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை என்றால், நல்ல பதவிக்கு அந்த ரெஸ்யூமேயை எடுக்கத் தயங்குவோம். ஒரு வேலையைத் தொடங்கி, தவறைத் திருத்தி, பலனைப் பார்க்க இரண்டு வருடமாவது ஆகும். அந்த அனுபவம் இல்லாதவரைப் பொறுப்பான இடத்தில் வைப்பது கடினம்.

வேலையை விட்டுட்டுத் தேடலாமா, இருந்துக்கிட்டே தேடலாமா?

இருந்துகொண்டே தேடுங்கள். கையில் வேலை இருக்கும்போது சம்பளப் பேச்சில் உங்களால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல முடியும். இல்லாதபோது வந்ததை வாங்கிக்கொள்ளத் தோன்றும்.

விதிவிலக்கு உண்டு. உடம்பு கெடுகிறது, சட்டத்துக்குப் புறம்பான வேலையைச் செய்யச் சொல்கிறார்கள், தொல்லை தருகிறார்கள் என்றால் வெளியேறுவது சரி. ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் மனம் தைரியமாக இருக்கும். பாலியல் தொல்லை என்றால், வேலையை விடும் முன் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் உள் புகார் குழுவிடம் எழுத்தில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

ரெஸ்யூமேல என்ன எழுதறது? நான் தினமும் ஒரே வேலையைத்தானே செய்யறேன்?

செய்யும் வேலையின் பட்டியலை எழுதாமல், நீங்கள் வந்தபின் என்ன மாறியது என்று எழுதுங்கள். "மாதாந்திரக் கணக்கு முடிக்கும் பணி" என்ற வரி எல்லார் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. "மாதக் கணக்கு முடிக்க 9 நாள் ஆனதை 5 நாளாக்கினேன்" என்பது இருக்காது. இரண்டு பக்கம் போதும். பொய் எண் போடாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

இப்போ என்ன சம்பளம்னு ஹெச்ஆர் கேட்டா உண்மையைச் சொல்லணுமா?

கூட்டிச் சொல்லாதீர்கள். பேஸ்லிப்பும் சில சமயம் வங்கி அறிக்கையும் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகுகூட வேலை போகும்.

உண்மையைச் சொல்லிவிட்டு, அதையே அடிப்படையாக வைத்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "இப்போது இவ்வளவு வாங்குகிறேன், இந்தப் பொறுப்புக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அடுத்த மாதங்களில் வரவேண்டிய போனஸ், உயர்வு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாறுவதால் அது போகப்போகிறது, ஈடு கேட்பது நியாயம்தான்.

பன்னிரண்டு லட்சம் சிடிசின்னா மாசம் ஒரு லட்சம் கையில வருமா?

வராது. சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஒதுக்கும் மொத்தச் செலவு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம், அதில் 12 சதவீதம் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு: 72,000. விலகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கென 4.81 சதவீதம்: 28,860. ஆண்டு முடிவில் செயல்திறனைப் பொறுத்துத் தரும் தொகை 1,20,000. இவை போனால் 9,79,140, அதாவது மாதம் சுமார் 81,600. அதில் உங்கள் பிஎஃப் பங்கு 6,000 போனால் 75,600. தொழில் வரியும், சில இடங்களில் காப்பீட்டு பிரீமியமும் இன்னும் கொஞ்சம் எடுக்கும்.

ஆகவே இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது சிடிசியை ஒப்பிடாதீர்கள். மாதாமாதம் கணக்கில் விழும் தொகை எவ்வளவு, உறுதியில்லாத பகுதி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அந்த உறுதியில்லாத பகுதியைக் கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் அதைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போடுவேன்.

ஆஃபர் கன்ஃபார்ம்னு போன்ல சொல்லிட்டாங்க. இன்னிக்கே ரிசைன் பண்ணிடட்டுமா?

வேண்டாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, படித்து, நீங்கள் ஏற்று, அதற்கு அவர்களிடமிருந்து பதிலும் வந்த பிறகுதான் ராஜினாமா. போனில் சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். மேலே ஒருவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

படிக்கும்போது சம்பளத்தில் மட்டும் கண் நிற்கிறது. பதவியின் பெயர், சேரும் தேதி, வேலை செய்யும் ஊர், தகுதிகாண் காலம், அங்கிருந்து விலக எத்தனை நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும், சேரும்போது தரும் போனஸைத் திருப்பித் தரவேண்டிய நிபந்தனை, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற பாண்ட் இருக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். நேர்காணலில் வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் கடிதத்தில் இல்லையென்றால், கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

நோட்டீஸ் 90 நாள் இருக்கு. புது கம்பெனி 30 நாள்ல வரச் சொல்றாங்க. என்ன பண்றது?

முதலில் உங்கள் பழைய நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். "நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று இருந்தால் பணம் கட்டி முன்னதாகப் போக வழி இருக்கிறது. "நிறுவனத்தின் விருப்பப்படி" என்று சேர்த்திருந்தால் அவர்கள் சம்மதமும் வேண்டும். அந்தப் பணத்தைப் புது நிறுவனம் கொடுக்குமா என்று கேளுங்கள், பல இடங்களில் கொடுக்கிறார்கள். மொத்தச் சம்பளத்தில் பிடிப்பார்களா, அடிப்படைச் சம்பளத்திலா என்பதும் கடிதத்தில் இருக்கும். தொகையில் அது பெரிய வித்தியாசம்.

மேனேஜரிடம் போகும்போது தேதியோடு மட்டும் போகாமல், வேலையை யாரிடம் எப்படி ஒப்படைக்கப் போகிறீர்கள் என்ற திட்டத்தோடு போங்கள். 90 நாளை 45 ஆக்கியவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள். அப்புறம், புது நிறுவனமும் பெரும்பாலும் காத்திருக்கும். "உடனே வராவிட்டால் ஆஃபர் இல்லை" என்பதைப் பேரத்துக்காகச் சொல்வது வழக்கம்.

நோட்டீஸ் முடிக்காம நின்னுட்டா என்ன செஞ்சுடுவாங்க?

உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க யாராலும் முடியாது. தனிப்பட்ட சேவைக்கான ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நோட்டீஸுக்கு ஈடான பணத்தைக் கேட்கலாம், வரவேண்டிய தொகையில் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம், முறைப்படி விலகியதற்கான ரிலீவிங் லெட்டரைத் தராமல் இழுத்தடிக்கலாம்.

அந்தக் கடிதம் இல்லாததன் வலி அடுத்த வேலையில் தெரியாமல் போகலாம், அதற்கடுத்த வேலையில் நிச்சயம் தெரியும். எவ்வளவு கோபம் இருந்தாலும் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ராஜினாமா மின்னஞ்சல், ஒப்படைப்பு விவரம், திருப்பிக் கொடுத்த மடிக்கணினிக்கான ரசீது ஆகிய மூன்றையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள்.

ட்ரெய்னிங் கொடுத்தோம்னு ரெண்டு லட்சத்துக்கு பாண்ட் போட்டிருக்காங்க. அது செல்லுமா?

"பாண்ட் எல்லாம் செல்லாது" என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, மறுபடி ஆள் எடுக்க நீண்ட நடைமுறையும் செலவும் ஆகும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காக எந்தத் தொகையும் செல்லும் என்று ஆகிவிடாது. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், தண்டனையாக ஒரு பெரிய தொகையை எழுதிவைத்தால் அதை அப்படியே தரமாட்டார்கள். பயிற்சியே கொடுக்காமல் பாண்ட் மட்டும் வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில் மட்டும் சேரவே சேராதீர்கள்.

போட்டி கம்பெனில ஒரு வருஷம் சேரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்களே?

இங்கே சட்டம் உங்கள் பக்கம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்கு உழைக்கக் கூடாது என்பது செல்லும். விலகிய பிறகும் சேரக்கூடாது என்பது பொதுவாகச் செல்லாது.

ஆனால் ரகசியம் காக்கும் நிபந்தனை விலகிய பிறகும் உயிரோடு இருக்கும். வாடிக்கையாளர் பட்டியலையோ கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், அதற்கு 27ஆம் பிரிவு துணைக்கு வராது. கடைசி வாரத்தில் உங்கள் பதிவிறக்கங்களைப் பார்ப்பார்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ரிசைன் பண்ணதும் "அதே சம்பளம் நாங்களே தர்றோம், இருங்க"ங்கறாங்க. இருந்துடலாமா?

போக நினைத்த காரணம் பணம் ஒன்றுதானா என்பதைப் பொறுத்தது. வேறு காரணம் இருந்தால் அது அப்படியே இருக்கும், மூன்று மாதத்தில் மறுபடி முளைக்கும். பணம் மட்டும்தான் என்றால் இருக்கலாம், ஆனால் உயர்த்திய சம்பளம் எந்தத் தேதியிலிருந்து என்று கடிதம் வாங்கிய பிறகே புது நிறுவனத்துக்கு மறுப்புச் சொல்லுங்கள்.

நேற்றுவரை தர முடியாத பணம் இன்று எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அது நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் வேலை நின்றுபோகாமல் இருக்கக் கொடுக்கும் பணம். அடுத்த அப்ரைசலில் "உங்களுக்குத்தான் ஏற்கனவே ஏற்றிவிட்டோமே" என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. நான் பார்த்தவரை, கிளம்ப முடிவெடுத்தவர்கள் கிளம்பியதே நல்லதாக முடிந்திருக்கிறது.

பழைய கம்பெனி பிஎஃப் பணத்தை எடுத்துடலாமா? வேலை மாறினா எடுக்கத்தானே சொல்றாங்க?

எடுக்காதீர்கள், மாற்றுங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யார் கேட்டாலும் இரண்டாவது யோசனை இல்லாமல் பதில் சொல்வேன். எத்தனை வேலை மாறினாலும் பிஎஃப்பில் உங்களுக்கான யுஏஎன் என்ற 12 இலக்க எண் ஒன்றுதான். அதன் கீழே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கணக்கு வரும். புது நிறுவனத்தில் அதே எண்ணைக் கொடுங்கள், புதிதாக இன்னொரு எண் உருவாக்க விடாதீர்கள். ஆதார் இணைந்திருந்தால் இப்போது பல மாற்றங்கள் பழைய நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலேயே நடந்துவிடுகின்றன.

எடுத்தால் இழப்பது மூன்று. தொடர்ச்சியாக ஐந்து வருடச் சேவை முடியும் முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பழைய கணக்கை மாற்றியிருந்தால் பழைய நிறுவனத்தின் வருடங்களும் அந்த ஐந்தில் சேரும். இரண்டாவது, 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி தந்த சேமிப்பு அது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நிறுவனம் தரும் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 10 வருடச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். எடுத்துவிட்டால் அந்த வருட எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

நான் வெளிய வந்த தேதியையே பழைய கம்பெனி பிஎஃப்ல போடல. கேட்டாலும் பதில் இல்ல.

கடைசியாகப் பணம் செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆனபின், பிஎஃப் உறுப்பினர் இணையதளத்தில் ஆதார் ஓடிபி வைத்து நீங்களே வெளியேறிய தேதியைப் பதியலாம். தேதியை ரிலீவிங் லெட்டரைப் பார்த்துப் போடுங்கள். இரண்டு வேலைகளின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மாற்றமும் சிக்கும், பின்னால் வரும் சரிபார்ப்பிலும் கேள்வி வரும்.

நாலே முக்கால் வருஷம் ஆச்சு. கிராஜுவிட்டி போயிடுமா?

போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். ஆனால் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தாலே அது முழு ஆண்டுச் சேவையாகக் கருதப்படும், வாரத்துக்கு ஆறு நாளைவிடக் குறைவாக இயங்கும் இடங்களில் 190 நாள். இதை ஐந்தாவது வருடத்துக்கும் பொருத்தி, நான்கு வருடமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது. எல்லா நிறுவனங்களும் இதை மறுபேச்சின்றி ஏற்பதில்லை. ஆகவே முடிந்தால் முழு ஐந்து வருடம் தாண்டியே கடைசி நாளை வையுங்கள். நோட்டீஸ் காலமும் சேவையில் சேரும் என்பதால் பலருக்கு இது தானாகவே அமைந்துவிடும். பணம் கட்டி முன்னதாகப் போனால் அந்த நாட்கள் சேராது, அவசரத்தில் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் வருடங்கள். ஆறு மாதத்துக்கு மேலிருந்தால் அடுத்த முழு வருடம். 40,000 ரூபாயும் 6 வருடம் 8 மாதமும் என்றால் ஏழு வருடமாக எடுத்து, சுமார் 1,61,500 ரூபாய்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி, வீட்டு வாடகைப் படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் கிராஜுவிட்டிக்கு ஊதியமாகக் கணக்கில் வரும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. ஒப்பந்த முறையில் இருக்கும் பல இளைஞர்களுக்கு இது தெரியவே இல்லை, தெரிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசி செட்டில்மெண்ட் எப்போ வரும்? ரெண்டு மாசம் ஆகும்ங்கறாங்க.

புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தரவேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள். பல நிறுவனங்கள் இன்னும் பழைய வழக்கப்படியே இழுக்கின்றன. சட்டத்தைச் சொல்லி, பணிவாக எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையை அணுகலாம்.

வருஷ நடுவுல மாறினேன். ரெண்டு கம்பெனியும் டாக்ஸ் பிடிக்கல. சந்தோஷமா இருக்கு, சரிதானே?

சரியில்லை, ஜூலையில் தெரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000, அக்டோபரிலிருந்து 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம்தான், அதற்குப் புது முறையில் வரி வராது என்று நினைத்து வரி பிடிக்காது. இரண்டாவது, தான் தரும் 8.4 லட்சத்தை மட்டும் பார்த்து விட்டுவிடும். உண்மையில் உங்கள் வருமானம் 14.4 லட்சம். 2025-26க்கான புது வரி முறையில் 75,000 நிலைக்கழிவு போக வரி 88,140 ரூபாய். தாமதத்துக்கான வட்டி தனி.

சேர்ந்த முதல் வாரமே முந்தைய சம்பளம், பிடித்த வரி ஆகிய விவரங்களைப் புது நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் மீதி மாதங்களில் பிரித்துப் பிடித்துவிடுவார்கள். ஃபார்ம் 16 என்று நாம் பழகிய வரிச் சான்றை இரண்டு இடத்திலும் வாங்க மறக்காதீர்கள்.

அம்மா அப்பா எல்லாம் கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் இருக்காங்க. இடையில ஒரு மாசம் கேப் வந்தா?

கடைசி நாளோடு பாதுகாப்பும் முடிகிறது. ராஜினாமாவுக்கு முன்பே ஒரு தனிப் பாலிசி எடுத்துவிடுவது நல்லது. ஏற்கனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம் என்பதால், எடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் பெற்றோருக்கு நஷ்டம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வழியும் உண்டு. விலகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புது நிறுவனம் பெற்றோரைச் சேர்க்கிறதா என்பதையும் ஆஃபர் பேசும்போதே கேளுங்கள்.

கர்ப்பமா இருக்கேன், நல்ல ஆஃபர் வந்திருக்கு. மாறலாமா அக்கா?

மாறலாம், ஆனால் நாட்களை எண்ணிவிட்டு. 26 வார மகப்பேறு விடுப்பு ஊதியத்தை, அந்த நிறுவனத்தில் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்தவர்தான் கேட்க முடியும். பழைய நிறுவனத்தில் பத்து வருடம் இருந்திருந்தாலும் அந்த நாட்கள் புது நிறுவனத்தில் சேராது. பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி, விடுப்பு எடுக்க நினைக்கும் நாளையும் கழித்து, 80 நாள் தாராளமாக மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் மட்டும் மிஞ்சினால், மருத்துவர் திடீரென ஓய்வு சொன்னால் கணக்கு உடையும்.

நேர்காணலில் சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆஃபர் எழுத்தில் வந்தபிறகு, சேரும் முன் சொல்வதை நான் பரிந்துரைப்பேன். அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலேயே அந்த இடம் உங்களுக்குச் சரிவருமா என்று தெரிந்துவிடும். நாட்கள் போதவில்லை என்றால் இருக்கும் இடத்திலேயே விடுப்பை முடித்துவிட்டு மாறுங்கள். அது உங்கள் உரிமை, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

நடுவுல மூணு மாசம் ஒரு இடத்துல இருந்தேன். அதை ரெஸ்யூமேல போடாம விட்டா தெரியுமா?

பிஎஃப் பிடித்திருந்தால் தெரியும். உங்கள் யுஏஎன் சேவை விவரத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் இருக்கும், சரிபார்ப்பு நிறுவனங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரே காலத்தில் இரண்டு வேலை பார்த்தவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். மூன்று மாத வேலையை ஒரு வரியில் போட்டுவிட்டு, "சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் வேறாக இருந்தது" என்பதுபோல் உண்மைக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால், எந்த நல்ல காரணமும் அப்புறம் எடுபடாது.

புது இடத்துல சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. பிடிக்கவே இல்ல. பழைய கம்பெனிக்கே திரும்பிப் போகலாமா?

போகலாம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நன்றாக ஒப்படைத்துவிட்டு வந்தவரைப் பல நிறுவனங்கள் சந்தோஷமாகத் திரும்ப எடுக்கின்றன. முதலில், பிடிக்காதது வேலையா, புது இடத்தின் பழக்கமின்மையா என்று பிரித்துப் பாருங்கள். பழக்கமின்மை என்றால் இன்னும் மூன்று மாதம் கொடுங்கள். வேலையே வேறு என்றால், முதலில் இப்போதைய மேலாளரிடம் பேசுங்கள், வேறு குழுவுக்கு மாற்ற வழி இருக்கலாம்.

திரும்புவதென்றால் தகுதிகாண் காலத்துக்குள் முடிவெடுங்கள், அப்போது நோட்டீஸ் பெரும்பாலும் குறைவு. சேரும்போது வாங்கிய போனஸையும், உங்களுக்காக அவர்கள் கட்டிய நோட்டீஸ் பணத்தையும் திருப்பித் தரவேண்டியிருக்கும், கடிதத்தைப் பாருங்கள். பழைய இடத்தில் இதுவும் புது நியமனம்தான். கிராஜுவிட்டிக்கான ஐந்து வருடம் பொதுவாக மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய சேவையைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, சம்மதித்தால் அதைப் புதிய நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.